செல்வம் வைத்த டைமிங்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கம்பெனியில் துணி ரோல் ஒன்றை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் மூர்த்தி போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தார். "மாஸ்டர், நம்ம செல்வண்ணன் போயிட்டாருங்க" என்றார். டீ குடித்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். ஐம்பத்து நான்கு வயது. எனக்கும் அதே வயதுதான். கையிலிருந்த துணியை மடித்து வைக்கக்கூடத் தோன்றாமல் தரையில் போட்டுவிட்டு நின்றேன்.

மரியசெல்வத்தை உங்களில் பலருக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் பனியன் கம்பெனியின் நிட்டிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் பிட்டராக இருந்தவர். நான் அங்கே நிட்டிங் மாஸ்டர். துணி எப்படி வர வேண்டும் என்று சொல்வது என் வேலை. மெஷினைத் திருகி அப்படி வர வைப்பது அவர் வேலை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி ஒரு கதை கம்பெனியில் ஓடுகிறது அல்லவா, சொந்தக் காரின் இன்ஜினில் ஒரு பல் தள்ளி டைமிங் வைத்துவிட்டார் என்று? அந்தக் கதை பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன்பு செல்வம் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவர் மனைவி கிரேஸும் இரண்டு பெண்களும் மதுரை வரைக்கும் நின்றுகொண்டே போவார்கள். அதை அவரால் பொறுக்க முடியவில்லை. "இந்த வருசம் உக்காந்து போறோம் மாஸ்டர்" என்றார். காரோ, கிளப்பினால் தெருவுக்கே கொசுமருந்து அடித்தது. இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புது ரிங் போட்டாக வேண்டும். அவர் குடியிருந்த லைன் வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. பொங்கலூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். நூல் கோன் வந்த அட்டைப் பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டு, வால்வைத் தூக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக அதில் குத்தி, தையல் சாக்பீஸால் நம்பர் எழுதுவார். எந்தக் கம்பி எந்த வால்வுக்கு என்று மாறிவிடக் கூடாது. "எடுத்த எடம் ஞாபகம் இல்லைன்னா எடுக்கவே கூடாது மாஸ்டர்" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பனியன் வேஸ்டில் போல்ட்டைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து சொல்வேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, மாஸ்டர் அல்லவா! அவர் "அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

டிசம்பர் முதல் ஞாயிறு டைமிங் வைத்தார். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று வந்தால், வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட் ஒரு சுற்று வர வேண்டும். இரண்டுக்கும் முன்னால் பல்சக்கரம், இரண்டையும் சேர்த்து ஒரு சங்கிலி. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு புள்ளி குத்தியிருக்கும். அந்த இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் நிற்கும்படி சங்கிலியை மாட்டினால்தான் வால்வு சரியான நேரத்தில் திறக்கும். செல்வம் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பதையும் பார்த்தார். அந்தச் சமயத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரு மெஷின் நின்றுவிட்டது. கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினார். "கவரை மட்டும் மாட்டிருங்க மாஸ்டர். நாளைக்கு மத்ததப் பாத்துக்கிடலாம்" என்றார்.

கவரை மட்டும் மாட்டியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிப் துணி ஓட்டும் மெஷினில் மேலே ஒரு வரிசை ஊசி, சுற்றிலும் ஒரு வரிசை ஊசி. இரண்டையும் ஒரே நேரத்தில் நூலை இழுக்க விட மாட்டோம். மேல் ஊசியை நாலைந்து ஊசி தூரம் பின்தங்கி வர வைத்தால் துணி இறுக்கமாக, சீராக விழும்; இதற்கும் டைமிங் என்றுதான் பெயர். மெஷின்காரன் போட்ட குறி எங்களுக்கு ஒரு தொடக்கம்தான். துணியைத் தடவிப் பார்த்து அதிலிருந்து நகர்த்திக்கொண்டே போவோம். அந்தப் புத்தியோடு நான் இன்ஜின் முன்னால் குனிந்தேன். பழைய சங்கிலி ஒரு பக்கம் லேசாகத் தொங்கியது. கேமை ஒரு பல் பின்னால் தள்ளி வைத்தால் தொங்கலும் போகும், ஓட்டமும் சீராக வரும் என்று எனக்குப் பட்டது. நட்டைக் கழற்றினேன், சக்கரத்தை உருவினேன், சங்கிலியை ஒரு பல் தள்ளி மாட்டினேன், கவரைப் போட்டு முறுக்கினேன். வண்டி பிரமாதமாக ஓடினால் அப்போது சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கார் கிளம்பியது, ஆனால் இழுக்கவில்லை. கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் தும்மியது. செல்வம் கார்புரேட்டரைப் பிரித்தார், பிளக்கை மாற்றினார், கரன்ட் வரும் நேரத்தை முன்னும் பின்னும் திருகினார். டைமிங் செயினை அவர் சந்தேகிக்கவில்லை, தன் கையால் இரண்டு தடவை பார்த்து வைத்ததாயிற்றே. நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். பீற்றலுக்காகக் காத்திருந்தவனுக்கு ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை. "புது ரிங்குல்லா, ஓட ஓட சரியாயிரும்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குடும்பத்தோடு கிளம்பினார். தாராபுரம் தாண்டியதும் கொதித்து நின்றுவிட்டது. காரை ஒரு பஞ்சர் கடை ஓரம் விட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினார்கள். அந்த வருடமும் நின்றுகொண்டேதான் போனார்கள்.

ஜனவரியில் காரைக் கட்டி இழுத்து வந்து, மறுபடி என் கொட்டகையில் கவரைத் திறந்தார். கிராங்கைச் சுற்றிப் புள்ளியைப் பார்த்தார். ஒரு பல் விலகி நின்றது. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். "நாந்தான் மாஸ்டர் தப்பா வச்சிருக்கேன். ரெண்டு மட்டம் பாத்தேனே, எப்படித் தப்புச்சு?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உடுங்க செல்வம், யாருக்கும் வர்றதுதானுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான வாக்கியம் அதுதான்.

அவர் ஒளிக்கத் தெரியாத மனிதர். தானே கம்பெனியில் போய்ச் சொன்னார். அன்றிலிருந்து கேலி ஆரம்பித்தது. அவர் எந்த மெஷினில் கை வைத்தாலும் மூர்த்தி, "செல்வண்ணா, புள்ளியப் பாத்தீங்களாங்க?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்; அவரும் சிரிப்பார். கேலியில் வஞ்சம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவரை தான் வைத்த டைமிங்கை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் என்னைத் தேடி வருவார். "ஒரு எட்டு வந்து பாத்துருங்க மாஸ்டர். என் கண்ண நான் நம்பமாட்டேன்" என்பார். நான் போய்ப் பார்ப்பேன். ஒரு தடவைகூடத் தவறு இருந்ததில்லை. "சரியா இருக்குதுங்க செல்வம்" என்பேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். பதினோரு வருடம் இப்படி நடந்தது. சொல்வதற்கு எனக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். மூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தக் கார் கதையைத் தொடங்கினார். அழுதவர்களெல்லாம் சிரித்தார்கள். பிரியமாகத்தான் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்தபின் கிரேஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்னதை முழுதும் கேட்டார். "அவ்வொ இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "ராத்திரி படுத்துக்கிட்டே கையைப் பாத்துக்கிட்டு இருப்பாவ. 'எப்படித் தப்புச்சு, எப்படித் தப்புச்சு'ன்னு கேப்பாவ" என்றார். "எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன செய்ய? சிரிச்சவங்க எல்லாத்துக்கும் சொல்லுங்க" என்றார்.

அதனால் சொல்கிறேன். மூர்த்தி, நீங்களும் கேளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மரியசெல்வம் வைத்த டைமிங் சரியாக இருந்தது. தள்ளி வைத்தவன் நான். தன் கண்ணை நம்பாமல் அவர் என் கண்ணை நம்பினார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். திருப்பிக் கொடுக்கலாமென்றால், வாங்கிக்கொள்ள அவர் இல்லை.