வெட்டாற்றைத் தாண்டாத வீரன்

மகளின் போன் விளையாட்டில் தூண்டில் ‘ப்ளக்’கென்று தண்ணீரில் விழுந்தது. எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது.

நான் சிறுமியாக இருந்தபோது கீழ்வேளூரில், சவூதியிலிருந்து லீவில் வந்த அத்தா கொண்டுவந்த வீடியோ கேமை அத்தாவும் மகளுமாகச் சேர்ந்து ஆடினோம். அரக்கனைக் கொன்று நாட்டை மீட்க வேண்டிய வீரன், வழியில் ஆற்றைக் கண்டால் மீனும் பிடிக்கலாம். அத்தா அந்த ஆற்றைத் தாண்டவே இல்லை.

“அரக்கன எப்ப அத்தா கொல்றது?” என்று கத்தினேன்.

“இரும்மா, அசப்புல நம்ம வெட்டாறு மாதிரியே இருக்கு.”

கொல்லைக்குப் பின்னால் நிஜ வெட்டாறு தண்ணீர் வராமல் காய்ந்து கிடந்தது.

லீவு முடிந்து அத்தா மறுபடி சவூதிக்கு சபர் போனார். வீரன் கரையிலேயே நின்றான்.

“மீன் பிடிக்கிறத ஸ்கிப் பண்ணலாம்மா” என்கிறாள் மகள்.

அந்த ஸ்கிப் பட்டன் அன்றைக்கு எங்கே போயிருந்தது?