மக்சிக் கடையைச் சுற்றிய வழி

மலேசியாவில் கூலிம் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஓட்டியே காலம் கழித்தவன் நான். நடை என்றால் எனக்கு வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் உள்ள தூரம்தான். என் அண்ணனின் வலது காலைச் சர்க்கரை வியாதி கொண்டுபோன பிறகும் திருந்தவில்லை. "அங்கிள், நடக்க ஆரம்பிங்க. இல்லன்னா உங்க அண்ணன் மாதிரிதான் லா" என்று கிளினிக் டாக்டரம்மா சொன்னார். இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் மழை வரும்போல் இருந்தது; படுத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. அவள் போகும் ஃபிளாட்டில் நாய்க்கு இடமில்லை. "அப்பா, கொஞ்ச நாளைக்குப் பாத்துக்குங்க" என்று தன் கறுப்பு நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அதனிடம் எந்தச் சாக்குப்போக்கும் செல்லாது. விடிந்தால் என் கைலி முனையைக் கவ்வி இழுக்கும். திட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

நாயை நடத்திப்போக வசதியான திடல் எங்கள் தெருக்கோடியில்தான். ஆனால் வழியில் ஒரு மலாய் அம்மா, எல்லோரும் மக்சிக், அதாவது அத்தை என்று கூப்பிடுபவர், காலையில் வீட்டு வாசலில் மேசை போட்டு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை நெத்திலி வறுவலோடு விற்பார். முதல் நாளே நெத்திலி வாசனைக்கு நாய் என்னையும் இழுத்துக்கொண்டு மேசையை நோக்கிப் பாய்ந்தது. அவர் முஸ்லிம்; நாயின் எச்சில் பட்டால் மத முறைப்படி மண் கரைத்த தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். அன்றைய வியாபாரமும் போச்சு. நல்லவேளை, படவில்லை. எனக்கு மானமே போனது. மறுநாளிலிருந்து பின் சந்தில் இறங்கி, செம்பனைத் தோட்ட ஓரமாக, கோயிலையும் தாண்டி, எங்கள் ஊரான பாடாங் செராயில் பாதியைச் சுற்றித்தான் திடலுக்குப் போனோம். முனகிக்கொண்டேதான் நடந்தேன்.

முனகல் எப்போது நின்றது என்று நினைவில்லை. இடுப்பு வார் தளர்ந்தது, மூச்சு வாங்குவது குறைந்தது. சர்க்கரை இறங்கியதைப் பார்த்து, "எப்படி அங்கிள்?" என்று டாக்டரம்மா கேட்டார். நாயைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

போன வாரம் மக்சிக் தூரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு மலாயில் சொன்னார்: "அண்ணே, எனக்காக இவ்வளவு தூரம் சுத்துறீங்க, பாவம். நாளையிலிருந்து மேசையைப் பின்பக்கம் போட்டுக்கிறேன். நீங்க நேரா இப்படியே போங்க."

நான் அவசரமாகக் கையை ஆட்டினேன்.

"தயவுசெஞ்சு நகர்த்திடாதீங்க மக்சிக்" என்றேன். "அந்த மேசை அங்க இருக்கிறதாலதான் எனக்கு ரெண்டு காலும் இருக்கு."

நாய் பொறுமையில்லாமல் கயிற்றை இழுத்தது, பின் சந்துப் பக்கமாக.