இத்தாலிக் கரையில் காய்ந்த கூறை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கனடாவுக்கு வந்து மொன்றியல் துறைமுகத்தில் சாமான் இறக்கிப் பிழைத்து, பிறகு ஒரு லொறி வாங்கி, இன்றைக்குப் பதினொரு லொறி ஓட விட்டிருக்கிறேன். பிரெஞ்சையும் வேலை செய்த இடத்தில் காதால் கேட்டே பிடித்தவன். அதனால்தான் மகள் தொலைபேசியில் சொன்னது ஒரு சொல் பிசகாமல் எனக்கு விளங்கியது.

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு நான், மனைவி, மகள் மூவருமாக இத்தாலிக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். மலைச்சரிவில் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. மனைவி மொன்றியலில் எங்கள் பகுதியான செயின்ட்-மிஷேலிலிருந்து, கலியாணத்தன்று கட்டிய தன் கூறைச்சேலையைக் கொண்டுவந்திருந்தாள். “அதைக் கட்டிக்கொண்டு படகிலை ஏறு, படமெடுப்பம்” என்றவன் நான்தான். கடற்கரையில் பிறந்தவனுக்கு அலை தெரியாதா என்று வீரமும் பேசினேன். துறையைத் தாண்டியதும் ஓர் அலை அடித்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே சேலை முழுக்க உப்புத்தண்ணீர்.

வாடகை வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசி, பல்கனியில் விரித்தோம். எதிர்வீட்டுக்காரியின் கொடியில் படுக்கை விரிப்பு, உள்காற்சட்டை எல்லாம் தொங்கின. சுற்றுலாக்காரர்கள் கீழே நின்று அதைப் படமெடுத்தார்கள். அரை மணித்தியாலம் போகவில்லை, வாடகை வீட்டைப் பராமரிக்கிற, பிரெஞ்சு தெரிந்த பெண் மகளைத் தொலைபேசியில் அழைத்தாள். சேலையை எடுக்கட்டாம், வீட்டின் அழகு கெடுகிறதாம்.

மகள் பிரெஞ்சில் சொன்னாள்: “மன்னிக்க வேணும். அது அவையின்ரை ஊர்ப் பழக்கம். நான் சொல்லித் திருத்திறன்.”

எனக்குத் தலை கொதித்தது.

“எதிர்வீட்டுக் காற்சட்டையை நிண்டு படமெடுக்கினம். உன்ரை அம்மாவின்ரை கூறை அசிங்கமோ?”

“அப்பா, கத்தாதேங்கோ. பல்கனியிலை உடுப்புக் காயப்போடக் கூடாதெண்டு கதவிலை எழுதி ஒட்டியிருக்கு.”

“எதிர்வீட்டுக்காரிக்கு ஒட்டேல்லையோ?”

“அவை இஞ்சத்தை ஆக்கள்.”

“அப்ப நீ எவடத்து ஆள்? என்னைத் திருத்த வந்திட்டியோ?”

அவள் சேலையை உள்ளே இழுத்தாள். அடுத்த நாள் காலையில் புறப்பாடு. ஈரத்தோடு மடித்தால் பட்டு சாயம் போகும், சரிகை கறுக்கும். மனைவி சேலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படிகளில் இறங்கினாள். நான் ஏசிக்கொண்டே பின்னால் போனேன்.

துறையில் நல்ல காற்று. எங்கள் ஆட்கள் அவசரத்துக்குச் சேலை காயவைப்பது, இருவர் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக் காற்றில் விரித்துத்தான். நான் கை நீட்டினேன்.

“நீங்கள் விடுங்கோ. என்னைப் படகிலை ஏத்தினதே போதும்” என்றாள் மனைவி. பிறகு, படியில் நின்ற மகளைப் பார்த்து, “பிள்ளை, நீ வந்து பிடி.”

ஐஸ்கிறீம் கடைக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மகள் அசையவில்லை. வரமாட்டாள் என்றே நினைத்தேன். அப்படி வராமல் விட்டால், மொன்றியல் போனதும் என் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்ல வாயெடுத்தும் விட்டேன்.

வந்தாள். தலைப்பைப் பிடித்தாள். ஒருவன் படமெடுக்கத் தொலைபேசியை நீட்டிக்கொண்டு கிட்ட வர, கியூபெக் ஆட்களின் கெட்ட வார்த்தை ஒன்றால் அவனைத் துரத்தினாள்.

திருத்துகிறேன் என்றதற்கு அவள் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் விடுகிறதாக இல்லை. அன்றைக்குச் சேலை பாதி காய்ந்தபோது, “அப்பா, கை உளையுது” என்றாள்.

“பிடி” என்றேன்.