யப்பான் கசற்றிலிருந்து கழற்றிய பற்றரி

பலெர்மோவில் ஒரேத்தோப் பக்கம் மாடிப்படி கழுவுகிற தமிழர்களில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வந்து இறங்கியபோது ஒரு வாளியும் ஒரு தும்புத்தடியும்தான் என் சொத்து. இன்று பதினொரு கட்டடங்களின் படிகள் என் பொறுப்பில் இருக்கின்றன, எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கம்பஸ் படித்த பிள்ளைகள்கூட இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெசோ அலுவல் என்றால் என்னிடம்தான் வழி கேட்டு வருகிறார்கள். என் கை பட்டு ஒரு சாமான் உடைந்ததுமில்லை தொலைந்ததுமில்லை என்று இருபது வருடமாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது அந்தக் கதையை ஆரும் எடுத்தால் நான் வேறு கதைக்கு மாறிவிடுவேன். ஒரு பெண்பிள்ளைக்கு அவளுடைய தகப்பனிடமிருந்து மிஞ்சிக் கிடந்த ஒன்றை இந்தக் கையால்தான் இல்லாமல் ஆக்கினேன். அதற்குமேல் பொய்யும் சொன்னேன்.

நான்காம் மாடியில் ஒரு வயதான சிஞ்ஞோரா இருந்தார். வீட்டுக்காரப் பெண்களை, தாயென்றாலும் மகளென்றாலும், இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த ஊரில் முதன்முதலில் என்னை நம்பி வீட்டுத் திறப்பைத் தந்தவர் அவர். அதனால் எனக்குக் கீழே ஆட்கள் வந்த பிறகும் அவருடைய வீட்டுக்கு மட்டும் செவ்வாயும் வெள்ளியும் நானே போவேன். புருசன் கப்பலில் எஞ்சினியராக இருந்து எப்போதோ இறந்துபோனார். ஒரே மகளுக்கு வடக்கே தொரினோவில் வேலை. இரண்டாயிரத்துப் பதினைந்து அளவில் தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதென்று மகள் முடிவெடுத்தாள். வீட்டை வெறுமையாக்கும் வேலை என் தலையில் வந்தது.

பரணில் ஒரு மரப்பெட்டி இருந்தது. சிஞ்ஞோரா அதைத் தொட்டுக் காட்டி, “இதைத் துடைச்சு வையுங்கோ. மகள் இதுக்காகத்தான் வாறாள். ஒண்டும் குறையக் கூடாது” என்றார். அவர் சொன்னது இத்தாலியனில். நான் என்னுடைய தமிழில்தான் எழுதுவேன், வேறு விதமாக எழுத எனக்கு வராது.

பெட்டிக்குள் எண்பதுகளின் கடைசியில் யப்பானில் செய்த ஒரு விளையாட்டு மெசின் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்ரிக் பழுத்த வாழைப்பழ நிறத்துக்கு வந்திருந்தது. கையில் பிடித்து அமத்துகிற கட்டைகள் இரண்டும் வயரோடு மெசினிலேயே பூட்டியிருந்தன. கூடவே ஒரு குட்டி யப்பான் ரீவி, கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ட்ரான்ஸ்போமர். பிறகு இருபது கசற்றுகள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிள்ளைகளின் இனிப்புப் பெட்டிபோல் இருந்தன. ஒன்றில் ஆகாயவிமானம், ஒன்றில் துள்ளுகிற குள்ளன், ஒன்றில் வாளும் கையுமாக ஒரு பெடியன். எழுத்தெல்லாம் யப்பான் எழுத்து. இந்த ஊர்ப் பிள்ளைகள் கடையில் வாங்கி விளையாடிய சாமான் அல்ல இது. கோபேத் துறைமுகத்திலிருந்து அந்த மனுசன் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது.

துடை என்றால் மேலால் துணி போட்டுவிட்டு விடுகிற ஆள் நானில்லை. ட்ரான்ஸ்போமரின் வயர் எலி கடித்துக் கிடந்தது, புதிதாக மாற்றினேன். ரீவியைப் பூட்டினேன். வாள் பிடித்த பெடியனுடைய கசற்றைச் செருகி சுவிச்சைப் போட்டேன். ரீவியில் வெள்ளைப் புள்ளிகள் பறந்தன, ஒரு சங்கீதம் வந்தது, கறுப்புத் திரையில் மூன்று வரியாக எழுத்தும் இலக்கமும் தெரிந்தன. வேலை செய்கிறது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டேன். பிறகு கசற்றுகளை ஒவ்வொன்றாகக் கத்தி நுனியால் நெம்பித் திறந்து உள்ளே ஸ்பிரிற் போட்டுத் துடைத்தேன். மூன்று கசற்றுக்குள் காசு மாதிரி வட்டமான பற்றரி இருந்தது. தகட்டோடு வைத்து ஒட்டியிருந்தார்கள். குறட்டால் நறுக்கி மூன்றையும் எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இருந்த ஆளாயிருந்தால் கேட்கமாட்டீர்கள். பற்றரி எங்களுக்கு வராது. ஒரு சோடி ரோச் லைற் பற்றரி கிடைத்தவன் அதைப் பவுன்போல் பொத்தி வைப்பான். றேடியோவில் செய்தி முடிந்ததும் பற்றரியை வெளியே எடுத்துக் கடதாசியில் சுற்றி வைப்போம், அடுத்த நாள் வெயிலில் காயப்போடுவோம். செத்ததை ஆணியால் துளைத்து உப்புத் தண்ணி விட்டு இன்னும் இரண்டு நாள் இழுப்போம். பாவிக்காத மெசினுக்குள் பற்றரியை விட்டுவைத்தால் அது ஒழுகி மெசினையே தின்றுவிடும். அப்படி எனக்கு ஒரு றேடியோ போயிருக்கிறது. அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. இந்த ஊரிலும் எந்த வீட்டுக்குப் போனாலும் நின்றுபோன மணிக்கூடு, ஆரும் தொடாத ரோச் என்று கண்டால் முதலில் பற்றரியைத்தான் கழற்றுவேன். சிஞ்ஞோராமார் அதைச் சொல்லி என்னைப் புகழ்வார்கள். ஒரு பற்றரி மெசினை ஓட்டாமல் ஒரு நினைவைக் காவிக்கொண்டு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று வீட்டுக்கு வந்ததும் மனுசி என் சட்டைப் பையைத் தடவினாள்.

“இஞ்சேருங்கோ, இதென்ன பைக்குள்ள?”

“பற்றரி.”

“அந்தச் சிஞ்ஞோரா வீட்டுக் குப்பையும் எங்கட வீட்டுக்கோ?”

“குப்பையோ? யப்பான் சாமான். இருபத்தைஞ்சு வருசம் போயும் உயிரோட கிடக்குது. நீர் வாங்கினது ஆறு மாசம் நிண்டதோ?”

சொல்லிக்கொண்டே ஒன்றைச் சமையலறைத் தராசுக்குள் போட்டேன். பளிச்சென்று பூச்சியம் வந்து நின்றது. “பாத்தீரோ?” என்றேன்.

“உயிரோட கிடந்ததை ஏன் கழட்டினனீங்கள்?” என்றாள் மனுசி.

இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் மகள் வந்திருந்தாள். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த பிள்ளை, தாயின் மூக்கு. உடுப்பு மாற்றவுமில்லை, நேரே மெசினுக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள். வயர் மாற்றியது நான், ரீவி பூட்டியது நான் என்று பெருமையோடு பக்கத்தில் நின்றேன். அவள் வாள் பெடியனுடைய கசற்றைச் செருகினாள். சங்கீதம் வந்தது. திரை வந்தது. அவள் முகம் அப்படியே நின்றது. கசற்றை எடுத்து ஊதித் திரும்பப் போட்டாள். மூன்றுதரம் போட்டாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்லை” என்றாள்.

“என்ன இல்லை?” என்றார் தாய்.

“அப்பா.”

எனக்கு விளங்கும்படி அவள்தான் பிறகு சொன்னாள். கப்பல் திரும்பி வருகிற போதெல்லாம் தகப்பனும் மகளும் அந்த விளையாட்டைத்தான் விளையாடுவார்கள். தகப்பன் கப்பலில் பழகிய யப்பான் எழுத்தை ஒரு கொப்பியில் எழுதி மகளுக்கும் பழக்கினார். ஒரு பெடியன் நாடு நாடாக நடக்கிறான், சண்டை பிடிக்கிறான், ஒவ்வொரு வெற்றிக்கும் அவனுடைய இலக்கம் கூடுகிறது. விட்ட இடத்தை அந்தப் பற்றரிதான் மறக்காமல் வைத்திருக்கும். கடைசியாகப் போன முறை இருவரும் கடைசிக் கோட்டையின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “அடுத்தமுறை வரேக்கை ரெண்டு பேருமாய் உள்ளுக்குப் போவம்” என்று தகப்பன் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். நடுக்கடலில் நெஞ்சு வலி. அவர் திரும்பி வரவில்லை. தனியே உள்ளே போக மனமில்லாமல் பிள்ளை பெட்டியை மூடிவிட்டாள். இப்போது வீடும் போகப்போகிறதே, போய்ப் பார்ப்போம் என்று வந்திருக்கிறாள்.

எல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். “துடைக்கேக்கை உள்ளுக்குப் பற்றரி இருந்ததோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வேறொன்று வந்தது.

“ஒழுகிப் போய்க் கிடந்தது, சிஞ்ஞோரா. பச்சை பிடிச்சு. விட்டிருந்தா மெசினையே திண்டிருக்கும். அதுதான் கழட்டினனான்.”

“ஓம், இவ்வளவு காலம் எப்பிடி நிக்கும்? நீங்கள் நல்லதுதான் செய்தனீங்கள்” என்று என் முழங்கையைத் தொட்டாள். எனக்கு அந்த இடம் கூசியது.

பிராயச்சித்தம் என்று நினைத்தோ என்னவோ, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற வங்காளியிடம் புதுப் பற்றரி வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை போனேன். முதலிலிருந்து விளையாடட்டும், இனியாவது விட்ட இடம் நிற்கட்டும் என்று. குசினி மேசையில் ஈயத்தை உருக்கி ஒட்டத் தொடங்கினேன். அவள் கோப்பி போட்டுத் தந்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் எங்கை பழகினனீங்கள்?”

என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் போதுமே. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டதைச் சொன்னேன். ஆணியடித்து உப்புத் தண்ணி விட்ட கதையைச் சொன்னேன். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டு றேடியோவையும் நான்தான் உயிரோடு வைத்திருந்தேன் என்றேன். எட்டு வீடுதான். இருபது வீடு என்றேன்.

“பாவிக்காத மெசினுக்குள்ள நாங்கள் பற்றரி விடமாட்டம். நல்ல பற்றரி எண்டாலும் கழட்டிப்போடுவம். முதல் வேலை அதுதான். இண்டைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் அப்பிடித்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கை நின்றுவிட்டது. ஈயப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

“நல்ல பற்றரி எண்டாலுமோ?” என்றாள்.

நான் ஈயக்கோலின் நுனியை ஈரத்துணியில் துடைத்தேன்.

“இதுவும் நல்லதாய்த்தான் இருந்ததோ?”

“ஓம்.”

“எப்பிடித் தெரியும்?”

“வீட்டிலை தராசுக்குள்ள போட்டனான். வேலை செய்யுது.”

அவள் சிரிப்பதுபோல் ஒரு சத்தம் போட்டாள். “என்ர அப்பா உங்கட வீட்டிலை வெங்காயம் நிறுக்கிறாரோ?” என்றாள். பிறகு கன நேரம் கோப்பையின் காதைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். “ஏன் ஒழுகினது எண்டு சொன்னனீங்கள்?”

எனக்குப் பதில் இருந்தது. உங்கள் வீட்டில் என் பேர் கெடக்கூடாது என்றுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அறைக்குள்ளிருந்து சிஞ்ஞோரா, “என்ன கதைக்கிறியள் அங்கை?” என்று கூப்பிட்டார்.

“ஒண்டுமில்லை, மம்மா. பற்றரி போடுறார்” என்றாள் மகள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏசியிருந்தால் அறுபது வயதில் பேச்சு வாங்கினேன் என்று போயிருப்பேன்.

பிறகு சின்னக் குரலில் கேட்டாள். “கழட்ட முன்னம் மெசினைப் போட்டுப் பாத்தனீங்களோ?”

“ஓம்.”

“அப்ப நீங்கள்தான் கடைசியாப் பாத்தது. என்ன கண்டனீங்கள்?”

“மூண்டு வரி. மேல் வரியிலை ஒரு பேர், பக்கத்திலை ஒரு நம்பர்.”

“என்ன நம்பர்?”

“முப்பத்தெட்டு.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஒருக்காப் பாத்தா மறக்கிற ஆளில்லை நான்.”

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தகப்பன் கப்பலேற முதல் நாள் அவள் படுக்கப் போகும்போது இலக்கம் முப்பத்தாறாம். “நான் படுத்தாப் பிறகு தனிய விளையாடியிருக்கிறார். கள்ளன்!” என்று கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். எழும்பி ஓடிப்போய்த் தாய்க்குச் சொன்னாள். “அண்டைக்கு அந்த மனுசன் விடிய மட்டும் படுக்கேல்லை. கப்பல் யோசினை எண்டெல்லோ நான் நினைச்சனான்” என்று தாயும் சிரித்தார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த மனுசனைப் பற்றி இரண்டு பேருக்கும் புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது. அறையில் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. நான் குசினியில் ஈயக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது இரண்டாம் மாடிப் படியில் கால் நின்றது. முப்பத்தெட்டோ? கண்ணாடி போடாத கண், பனி கொட்டுகிற குட்டி ரீவி, ஒரு நிமிசம்கூடப் பார்க்கவில்லை. முதல் இலக்கம் மூன்று. இரண்டாவது வளைந்திருந்தது. எட்டும் வளைந்ததுதான், ஆறும் வளைந்ததுதான். எதைக் கேட்டாலும் அடித்துச் சொல்லிப் பழகிய வாய், அதையும் அடித்துச் சொல்லிவிட்டது. திரும்பி ஏறிப் போயிருக்கலாம். இரண்டு மாடிதானே. வெயிலுக்குள் இறங்கி நடந்தேன்.

ஒரு மாதத்தில் அவர்கள் தொரினோவுக்குப் போய்விட்டார்கள். மரப்பெட்டியைக் காரில் ஏற்றியது நான்தான். பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். பொய் சொன்னதை மன்னித்துவிட்டாள் என்று அப்போது விளங்கியது. மற்றப் பொய் அவளுக்குத் தெரியாது. அது பொய்தானா என்று எனக்கே தெரியாது. மனுசியிடம் மட்டும் சொன்னேன். “போன் எடுத்துச் சொல்லுங்கோவன்” என்பாள். அடுத்த நாளே, “வேண்டாம், அந்தப் பிள்ளையின்ர சந்தோசத்தைக் கெடுக்காதேங்கோ” என்பாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு அவளே போன் எடுத்தாள். தாய் சுகம், அங்கே பனி கொட்டுகிறது. விளையாட்டை முதலிலிருந்து தொடங்கி விளையாடுகிறாளாம், முப்பத்தொன்று வரை வந்துவிட்டாளாம்.

“முப்பத்தெட்டு வந்தவுடனை நிப்பாட்டுவன். அப்பா நிண்ட இடத்திலை ஒரு நாள் நிப்பம் எண்டு யோசிச்சிருக்கிறன். பிறகுதான் உள்ளுக்குப் போவன். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

முப்பத்தாறாகவும் இருக்கலாம் என்று தொண்டை வரை வந்தது. மனுசி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லது, சிஞ்ஞோரா. அவசரமில்லை, மெல்லமாய்ப் போங்கோ” என்றேன்.