இறக்காத திரை

எங்கள் நகரியில் தமிழ்க் கல்யாணத்திலும் தெலுங்குக்காரர்கள் மாதிரி திரை பிடிப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்காமல், திரைக்கு மேலாகக் கை நீட்டி, ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் இடித்த உருண்டையை வைக்க வேண்டும். பிறகுதான் திரை இறங்கும், தாலி ஏறும்.

எல்லை பிரிக்கும் பேச்சு நடந்த சமயம். மாப்பிள்ளை ஊரான திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விடும், நகரி ஆந்திராவில்தான் இருக்கும் என்றார்கள். தாய்வீடே வேறு ராஜ்யமாகிவிடும்; போதாதா எனக்கு! மணையில் உட்கார்ந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு தொண்டையிலேயே நின்றது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். எழுந்து ஓடினாலோ, பெண்ணுக்குக் காத்து கருப்பு என்று எவளாவது வாய் வைப்பாள்; மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிவிடுவார்கள். நைனா தலை நிமிர முடியாது.

திரையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் என் தாய்மாமன்.

"மாமா, மூச்சு வரலே."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தை வளைத்து, கூட்டத்துக்குத் தெரியாமல் என் முகத்தை மறைத்தார்.

"யாரும் பாக்கல கண்ணு. மெதுவா மூச்சு உடு. நான் புடிச்சிக்கினு கீறேன்."

முகூர்த்தம் போகிறதென்று ஐயர் கத்தினார். "உண்டண்டி சாமீ, இருங்க!" என்று மாமா அதட்டினார்.

அப்போது திரைக்கு மேலே ஒரு கை வந்தது. உருண்டையோடு வெடவெடவென்று நடுங்கியது. அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல்: "மாமா, எறக்கிடாதீங்க. எனக்கும் கை ஆடுது."

அட பாவி மனுஷா! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு மூச்சும் வந்தது. கை நீட்டி அவர் தலையில் வைத்தேன். அவர் வைத்ததில் பாதி என் மூக்கில் விழுந்தது.

அந்தப் படபடப்பு அதோடு போய்விடவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, திருப்பதி மலையில் தரிசன நெரிசலில் திரும்பவும் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். தோள்துண்டை எடுத்து, எனக்கும் ஜனத்துக்கும் நடுவே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றார், "பொண்ணு இன்னும் தயாராவல."