இடம் பத்தலையாம்

பல் டாக்டரிடம் கருவிகளைக் கழுவி வைப்பது அவள் வேலை. ரத்தம், சீழ், பிடுங்கிய சொத்தைப் பல் எதற்கும் முகம் சுளிக்காதவள். வீட்டில் கணவரின் கம்ப்யூட்டரைப் பார்த்தால்தான் அவளுக்குக் குமட்டும்.

கூரியர் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற அவருக்குத் தெருவில் ‘டவுன்லோடு’ என்று பெயர். கண்ணில் பட்ட படத்தையெல்லாம் இறக்குவார்; ஒன்றையும் முழுசாகப் பார்க்கமாட்டார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்துக் கம்ப்யூட்டர் அது. நிரம்பி வழிந்ததும் நாலு டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கித் தானே மாட்டினார். பாதி இடம்தான் காட்டியது. விற்றவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி கம்பளிபோல் சுருண்டு கிடந்தது. அதில் கரப்பான் முட்டைகள். விசிறியில் காய்ந்துபோய் ஒட்டியிருந்த பல்லி வால்.

“மாட்டும்போது இதையெல்லாம் பாக்கலையா சார்?”

“பாத்தேன். அதுபாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்குது.”

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் உள்ளே சுத்தம் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். “டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நீங்க பழைய முறையில பிரிச்சிருக்கீங்க, அதுல ரெண்டு டிபிக்கு மேல காட்டாது.” மாற்றிப் பிரித்ததும் முழு இடமும் வந்தது. “அக்கா, பழைய டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது. அதுல உங்க வீட்டு போட்டோ ஏதாவது இருந்தா முதல்ல மாத்திடலாம். எதுல இருக்கு?”

“எம்பொண்ணு சின்ன வயசு போட்டோ இருக்கு. ‘பாப்பா’ன்னு போட்டிருக்கும் தம்பி.”

தேடினார். இல்லை.

கணவர் தொண்டையைச் செருமினார். “இடம் பத்தலைன்னு போன மாசம் அழிச்சிட்டேன். அவதான் வளந்துட்டாளே.”

மெக்கானிக் என்னென்னவோ செய்து பார்த்தார். “அது மேலயே படத்தை ஏத்தியிருக்காரு அக்கா. இனி வராது.”

திரையில் ஒரே சண்டைப் படம் மூன்று தடவை இருந்தது.

“அட, அதான் இப்ப எவ்வளவு இடம் இருக்கு பாரு! இனிமே எடுக்கிற போட்டோவை எல்லாம் போட்டுக்கலாம்” என்றார் கணவர், பல்லெல்லாம் தெரிய.

அவள் “சீ!” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் மகளுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

“என்கிட்ட கொஞ்சம் இருக்கும்மா. அனுப்பட்டுமா?”

“வேணாம்டி. நீயே வெச்சுக்கோ. இந்த வீட்டுக்கு எதையும் அனுப்பாதே.”

உள்ளே அவர் அடுத்த படத்தை இறக்கத் தொடங்கியிருந்தார்.