கேட்டை அறுத்த தம்பி

மனைவியைப் பிரிந்த வெல்டர் ஒரே பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டார் பக்கத்தில் அவருக்குப் பாய் போட்டார்கள்.

“அண்ணே, மோட்டார் சத்தத்துல கண்ணை மூட முடியல. ஹால்ல ஒரு ஓரமா படுத்துக்கட்டுமா?”

ஆங்கில வாத்தியாரான அண்ணன் பேப்பரிலிருந்து தலைதூக்காமல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அண்ணி களுக்கென்று சிரித்தாள்.

“என்னண்ணே சொன்னீங்க?”

“பிச்சைக்காரன் இது வேணும், அது வேணாம்னு கேக்க முடியாதாம். இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுவாங்க” என்றார் அண்ணன்.

வெல்டருக்குச் சுர்ரென்று ஏறியது. “உங்க வாசல் கேட்டை என் காசுல இரும்பு வாங்கிச் செஞ்சவன் நான். நானா பிச்சைக்காரன்?”

“தம்பின்னு உரிமையாதானே செஞ்சீங்க?” என்றாள் அண்ணி.

“ஓ, கேட்டுன்னதும் தம்பி ஆயிட்டேனா?”

நேரே தான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போய் கேஸ் கட்டரோடு திரும்பினார். தெருவே வேடிக்கை பார்க்க, கீல்களை அறுத்துக் கேட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

“போலீஸைக் கூப்பிடுவேன்டா!” என்று அண்ணன் கத்தினார்.

“கூப்பிடுங்க. இங்கிலீஷ்லயே பேசுங்க.”

கேட்டைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டு, பட்டறை முதலாளி கொடுத்த மாடி அறைக்குக் குடிபோனார். சமாதானம் பேச வந்த உறவினர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். அண்ணன் முகத்தில் அவர் அப்புறம் விழிக்கவேயில்லை.